மெல்லச் செல்லும் உரிமை யாருக்கு?

சென்ற தவணையில் நம் பாடசாலைக்கு ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தல் வந்தது. 'மெல்லச் செல்வோம், அன்றாட வாழ்க்கைப் பயணத்தை இரசிப்போம்' என்பது தலைப்பு. பத்தாம் வகுப்பு மாணவரிடையே போட்டியை நடத்தி, சிறந்த கட்டுரையைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு தமிழாசிரியராகிய நம்மிடம் விடப்பட்டது. முப்பத்தெட்டுக் கட்டுரைகள் வந்தன. முப்பத்தேழில் மலை இருந்தது, மூடுபனி இருந்தது, மகாவலி சலசலத்து ஓடியது, அவசர உலகம் கண்டிக்கப்பட்டது. ஒன்று மட்டும் வேறாக இருந்தது.

அதை எழுதியவள் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி. தன் தாய் கொழுந்தெடுக்கும் மலை புகையிரதப் பாதைக்கு மேலே இருக்கிறதென்றும், காலை வண்டியின் ஓசைதான் தாய்க்கு மணிக்கூடு என்றும், அது கேட்டதும் முதல் நிறுவைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று அவர் கணக்கிட்டுக் கொள்வாரென்றும் எழுதியிருந்தாள். வண்டி வாசலில் நிற்கும் உல்லாசப் பிரயாணிகள் கைகாட்டுவார்களாம். பாதையோரத்துப் பிள்ளைகள் திருப்பிக் கைகாட்டுவார்களாம். தாய் மட்டும் காட்டுவதில்லை. ஏனம்மா என்று கேட்டதற்கு, "கை ரெண்டும் வேலையில இருக்கே, புள்ள" என்றாராம். கட்டுரை அவ்வளவோடு முடிந்தது. இரசிப்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாம் சிவப்பு மையினால், 'பொருளை விட்டு விலகியுள்ளது' என்று எழுதி, இருபத்தைந்துக்கு ஒன்பது புள்ளி இட்டோம்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றோம்; முற்போக்கு இலக்கியம் பற்றி மேடைகளில் பேசுகின்றோம்; மாணவருக்கும் போதிக்கின்றோம். இருந்தும் கையில் சிவப்புப் பேனா வந்ததும், தலைப்புக்குப் பதில் சொன்ன ஒரே கட்டுரையைத் தலைப்புக்குப் புறம்பானது என்று தீர்த்துவிட்டோம். இரண்டு நாட்களின் பின்னரே அத்தவறு நமக்கு உறைத்தது. இக்கட்டுரை அதன் திருத்தம். தவறு நம்மோடு நிற்கும் ஒன்றாயின் அதைத் திருத்த இத்தனை பக்கம் வேண்டுவதில்லை. அது நம் காலத்தின் ஒரு பெரும் உபதேசத்தோடு பிணைந்திருப்பதாலேயே இங்கு எழுதப் புகுகின்றோம்.

அவ்வுபதேசத்தை அறியாதார் இல்லை. வார இதழ்களின் வாழ்வியற் பக்கங்கள் அதைச் சொல்கின்றன. கைத்தொலைபேசித் திரையில் காலைதோறும் வரும் பொன்மொழிகள் அதைச் சொல்கின்றன. உத்தியோகத்தருக்கான பயிற்சிப் பட்டறைகளில் கட்டணம் பெற்றுப் பேசுவோர் அதைச் சொல்கின்றனர். மலைநாட்டு விடுதிகளின் விளம்பரங்களோ அதை விலைக்கே விற்கின்றன. ஓடாதே, நில், தேநீரின் மணத்தை முகர்ந்து பார், பயணமே பெரிது, போய்ச் சேருமிடம் பெரிதன்று, இக்கணத்தில் வாழ். இவையே அதன் சாரம்.

இவ்வுபதேசத்தில் உண்மையே இல்லை என நாம் சொல்லவில்லை. உண்ணும் சோற்றின் சுவை அறியாது திரையைப் பார்த்தவாறே உண்டு முடிக்கின்றோம். பிள்ளையின் கேள்விக்கு முகம் பாராமல் விடையளிக்கின்றோம். நாவலப்பிட்டியில் வாழ்ந்துகொண்டே மகாவலியைப் பார்க்காமல் பாலத்தைக் கடக்கின்றோம். இவ்வாறு வாழ்வது வாழ்வாகாது என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்வுபதேசிகள் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்பதில்லை. மெல்லச் செல் என்று யாரைப் பார்த்துச் சொல்கின்றார்களோ, அவருடைய நேரம் அவருக்குச் சொந்தமானதா என்பதே அக்கேள்வி. நேரத்தை விற்று வாழ்பவனிடம் அதை நிதானமாகச் செலவு செய் என்பது, நிலமற்றவனிடம் உன் தோட்டத்தில் உலாவிவா என்பதை ஒக்கும்.

இதை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரின் ஊடாகச் செல்லும் புகையிரதப் பாதையே போதும்.

மெல்லச் செல்லும் பயணத்துக்கு உதாரணமாக இன்று உலகெங்கும் காட்டப்படுவன சில. அவற்றுள் ஒன்று கண்டியிலிருந்து எல்ல வரை செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பயணம். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் பாதை கடும் ஏற்றமாகின்றது. இங்குருஓயா, கலபொட, வட்டவளை, றொசல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை எனத் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. இரண்டாயிரம் அடியளவில் உள்ள நம் ஊரில் தொடங்கும் ஏற்றம், பட்டிப்பொலவில் ஆறாயிரத்து இருநூறு அடியையும் கடக்கின்றது. நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் எந்த இயந்திரமும் விரைந்து ஓடாது. வண்டி மெல்லப் போகின்றது, பிரயாணி மகிழ்கின்றான். இயந்திரத்தின் திணறல் பிரயாணச் சீட்டில் இன்பமாக அச்சிடப்படுகின்றது.

ஆனால் இப்பாதையை வெட்டியவர்கள் எவருடைய இரசனைக்காகவும் வெட்டவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல், நாவலப்பிட்டிக்கு 1874இல், நானுஓயாவுக்கு 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். ஒவ்வோர் ஆண்டெண்ணின் பின்னாலும் ஒரு சரக்கு இருக்கின்றது. முதலில் கோப்பி, அதை நோய் அழித்த பின்னர் தேயிலை. மாட்டு வண்டிகள் நாட்கணக்கில் ஊர்ந்து இறக்கிய கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு விரைந்து கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே தோட்டத் துரைமாரின் கோரிக்கை. ஆகவே உலகம் இன்று நிதானத்தின் சின்னமாகப் போற்றும் இப்பாதை, அவசரத்தின் பொருட்டே பிறந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நாவலப்பிட்டி இப்பாதையின் கடைசி நிலையமாக இருந்தது. நம் கடைத்தெரு வளர்ந்த கதையும் அந்த அவசரத்தின் கதைதான்.

இனி, யன்னலுக்கு வெளியே நிற்கும் அந்தத் தாயிடம் வருவோம்.

விடியற்காலை நான்கு மணியளவில் அவள் எழுகின்றாள். தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளை எழுப்பிப் பாடசாலைக்கு ஆயத்தமாக்கி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்கு ஏறுகின்றாள். இடுப்பில் படங்கு. தலையில் கூடைக் கயிறு. பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்குப் பை வந்துவிட்டது. படம் எடுப்போருக்கு மட்டும் கூடைதான் அழகு. நிரை பிடித்து நின்றபின் கையும் கண்ணும் ஓய்வதில்லை. நாளில் இரண்டு மூன்று முறை நிறுவை நடக்கும். தோட்டம் நிர்ணயித்த கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்நிர்ணயம் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். பதினெட்டுக் கிலோ என்றும் இருபது கிலோ என்றும் கேள்விப்படுகின்றோம். மழைநாளில் ஈரத்துக்கென்று நிறை கழிப்பதும் உண்டு.

நம் சக ஆசிரியர் ஒருவர் கணிதம் கற்பிப்பவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து ஏறத்தாழ ஒரு கிராம் எனக் கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பதினெட்டுக் கிலோவுக்குப் பதினெட்டாயிரம் கொழுந்து. எட்டு மணி நேரம் என்பது 28,800 விநாடி. இரண்டு விநாடி கழிவதற்குள் ஒரு கொழுந்துக்கு மேல் கிள்ளியாக வேண்டும். இக்கணக்கில் தண்ணீர் குடிக்க நேரமில்லை. அட்டை கடித்தால் குனிந்து தட்டிவிட நேரமில்லை. நிறுவைக்கு நடந்துபோக நேரமில்லை. கைநிறையப் பற்றிக் கொய்யும் பழக்கமே அவளைக் காப்பாற்றுகின்றது. இந்நிலையில் உள்ள ஒருத்தி, வண்டியைப் பார்த்துக் கைகாட்ட ஐந்து விநாடி எடுத்தால் அதற்கும் ஒரு விலை இருக்கின்றது. அதைச் செலுத்துபவள் அவளே. மாணவியின் கட்டுரை சொன்னது இதைத்தான். நாம் அதைப் 'பொருளை விட்டு விலகியது' என்றோம்.

இவ்வவசரத்துக்குக் கிடைக்கும் கூலி என்ன? நாட்கூலியை ஆயிரம் ரூபாய் ஆக்குவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. 2024இல் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பின் அது மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயில் நின்றது. அதற்குமேல் வேண்டுமாயின் அதற்குமேல் கிலோவும் வேண்டும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அடிப்படைக் கூலியை 1,550 ரூபாயாக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாய் ஊக்கத் தொகையை அரசு வழங்கவும் முன்மொழிந்தது. ஒவ்வொரு நூறு ரூபாயும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூலி கூடும்போதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கிலோவும் கூடவே வருகின்றது. அவளுக்குப் பணம் தருவதாயின் அவளுடைய மூச்சை இன்னும் சற்று வேகமாக்க வேண்டும் என்பதே தோட்ட முகாமையின் மாறாத சித்தாந்தம். மலையகச் சிறுகதைக்கு வலுச் சேர்த்த என்.எஸ்.எம். இராமையா தம் கதைத் தொகுதிக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயரிட்டது தற்செயலன்று. அக்கூடையின் நிறையில் ஒரு சமுதாயத்தின் மானமும் சோறும் தொங்குகின்றன.

இப்போது இரு காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வண்டிக்குள் இருப்பவன் யன்னலூடாகப் பச்சை மலையையும், அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பெண்களையும் பார்க்கின்றான். எவ்வளவு அமைதி என்கின்றான். தூரத்திலிருந்து பார்க்க அது அமைதிதான். அருகில் சென்றால் இரண்டு விநாடிக்கு ஒரு கொழுந்து. அவளுடைய அவசரமே அவனுடைய அமைதியாகின்றது. தேநீரும் இவ்வாறே. உலகமெங்கும் வேலைக்கு நடுவே சற்று ஓய்வெடுப்போர் கையில் எடுப்பது தேநீர்க் கோப்பை. மெல்ல அருந்துங்கள் என்று அதன் உறையிலும் எழுதுகின்றார்கள். அந்தக் கோப்பைக்குள் இருப்பது ஓய்வே இல்லாத ஒருத்தியின் நாள். ஓய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. ஓரிடத்தில் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டே இன்னோரிடத்தில் இன்னொருவருக்குப் பரிமாறப்படுகின்றது. இப்பங்கீட்டைப் பற்றி வாய் திறவாத எந்த நிதான உபதேசமும் ஏமாற்றே.

பயணமே பெரிது, போய்ச் சேருமிடம் பெரிதன்று என்னும் வாசகத்தையும் இம்மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

நமக்கு அயலில் உள்ள கம்பளையில், சிங்ஹபிட்டியவில், 1823 அளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அதைத் தொடர்ந்து தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். பாதையோரத்தில் காய்ச்சலாலும் கழிச்சலாலும் விழுந்தவர்கள் பலர். அவர்கள் எலும்புகளுக்குக் கணக்கில்லை. அவர்களும் மெல்லத்தான் சென்றார்கள். அவர்களிடம் போய், சேருமிடம் பெரிதன்று, பயணத்தை இரசியுங்கள் என்று எவன் சொல்லியிருப்பான்?

அடுத்த பயணம் இதே புகையிரதப் பாதையில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பின்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மூட்டை முடிச்சுகளுடன் மலைநாட்டு நிலையங்களில் ஏறியவர்கள் இந்தச் சரிவுகளில் இறங்கி, தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரம் போனார்கள். மேடையில் நின்றவர்களும் வண்டியில் இருந்தவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் அழுததை இன்றும் நம் ஊர் முதியோர் சொல்வர். அந்த வண்டியும் வளைவுகளில் மெல்லத்தான் சென்றது. யன்னலுக்கு வெளியே அதே மலைகள்தாம் இருந்தன. அவற்றை அன்று எவரும் காட்சி என்று அழைக்கவில்லை.

மலையே ஒருவனுக்குக் காட்சி, இன்னொருவனுக்கு அச்சம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் இடிந்து விழுந்ததை நாம் கண்டோம். வீடுகளும் வீட்டாரும் மண்ணுள் புதைந்தனர். புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. சரிவின் விளிம்பில் லயன் காம்பராவில் வாழும் குடும்பம் அவ்விடத்தை அதன் அழகுக்காகத் தெரிவு செய்யவில்லை. வேறிடம் இல்லாமையாலேயே அங்கு வாழ்கின்றது. மழை இரைச்சலில் செவியை வைத்து விடியும்வரை விழித்திருப்பவனுக்கு, இயற்கையின் ஒலியைக் கேட்டு மனத்தை அமைதிப்படுத்து என்று போதிப்பது குரூரம்.

நம் வாதத்துக்கு இரண்டு திசைகளிலிருந்து மறுப்பு வரக்கூடும். இரண்டுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதல் மறுப்பு வருமாறு: 'இரசனை மனத்தைப் பொறுத்தது. ஏழையும் மனம் வைத்தால் மகிழலாம். நீங்கள் எதையும் கூலிக் கணக்காக்குகின்றீர்கள்.' இவ்வாறு பேசுவோர் ஏழைக்கு இரசனை கற்பிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். மாசி மாதத்தில் தோட்டங்களுக்குச் சென்று பார்க்கட்டும். காமன் கூத்து இரவிரவாக ஆடப்படுகின்றது. தப்பின் ஒலிக்கு மலை அதிர்கின்றது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வரிசையாக வருகின்றன. ஒரு கதையை ஓர் இரவு முழுவதும் அவசரமின்றிச் சொல்லவும் கேட்கவும் தெரிந்த மக்களுக்கு நிதானத்தைப் பற்றிப் பாடம் எடுக்க எவருக்குத் தகுதி உண்டு? அவர்களிடம் இல்லாதது நேரம். கூத்துப் பார்க்கும் இரவை அவர்கள் தம் உறக்கத்திலிருந்தே கடன் வாங்குகின்றார்கள். மறுநாட் காலை பெரட்டுக்களத்தில் அந்தக் கடன் அறவிடப்படுகின்றது.

இரண்டாவது மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வருவது. 'இதெல்லாம் உண்டு களித்தோரின் பிரச்சினை. மலையின் அழகும் மாலையின் ஓய்வும் குட்டி முதலாளித்துவ மனோபாவம். முதலில் சோறு, மற்றவை பிறகு' என்பர். இதையும் நாம் ஏற்பதற்கில்லை. தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றை அறியாதோரே இவ்வாறு பேசுவர். 1886 மே மாதத்தில் சிக்காகோத் தொழிலாளர் எதைக் கேட்டார்கள்? எட்டு மணி நேர வேலை நாளைக் கேட்டார்கள். அதன் மறுபக்கம் என்ன? உழைத்தும் உறங்கியும் எஞ்சிய பொழுது தமக்கே உரியது என்னும் பிரகடனம். மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் வேலை நாளின் நீளம் பற்றி நீண்டதோர் அத்தியாயம் எழுதியதும், அவருடைய மருமகன் போல் லபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமை என்ற பெயரிலேயே ஒரு பிரசுரம் எழுதியதும் இதே காரணத்தால்தான். முழக்கத்தோடு வேலை கேட்பதே வீரம் என்றிருந்த காலத்தில், ஓய்வைக் கேட்பதும் வீரமே என்று துணிந்து சொன்னவர் அவர்.

நிதான வாழ்வு என்று இன்று விற்கப்படும் இயக்கத்தின் பிறப்பிலும் இடதுசாரிகளின் கை இருந்தது. 1986இல் உரோமாபுரியின் நடுவே அமெரிக்க விரைவுணவுக் கடை ஒன்று திறக்கப்படுவதை எதிர்த்து இத்தாலியில் எழுந்த கிளர்ச்சியே அதன் ஊற்று. அதன் முன்னோடியான கார்லோ பெத்ரினி இடதுசாரி வட்டாரங்களில் வளர்ந்தவர். உழவனுக்கு நியாயமான விலை வேண்டும், உண்பவனுக்கு நல்ல உணவு வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே அவ்வியக்கம் பேசிற்று. பின்னர் சந்தை முதற்பாதியைக் கழற்றி எறிந்துவிட்டது. நிதானம் மாத்திரம் பொதி செய்யப்பட்டு விடுதி அறைகளில் விலைப்பட்டது. நம் பொருளை நம்மிடமிருந்தே எடுத்து, நமக்கே விலை கூறுகின்றார்கள். அதை நம்முடையது என்று உரிமை கோராமல், எமக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது முற்போக்காகாது, கைவிடலாகும்.

இந்நாட்டு அனுபவமும் அதையே சொல்கின்றது. 1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளருள் ஒருவரான கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவர் கேட்டது சில சதங்கள் என்று வரலாறு எழுதுவோர் கூறுவர். அச்சதங்களுக்குள் என்ன இருந்தது என்று நாம் கேட்க வேண்டும். ஒரு வேளை அதிகச் சோறு இருந்தது. கடனுக்கு அஞ்சாமல் ஒருநாள் நோயில் படுத்திருக்கும் துணிவு இருந்தது. பிள்ளையை மலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் வசதி இருந்தது. கூலி என்பது உறைந்துபோன நேரம். அதைக் கூட்டிக் கேட்பவன் தன் வாழ்நாளில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கின்றான்.

இவ்விடத்தில் ஆசிரியரும் மாணவருமாகிய நம்மை நாமே பார்த்துக்கொள்வதும் நன்று. மாதச் சம்பளம் பெறும் நமக்கு விடுமுறை உண்டு. நோய் விடுப்பு உண்டு. இரசிப்பதற்கு ஓரளவு நேரமும் உண்டு. அந்நேரத்தைக் கொண்டு நாம் செய்வது என்ன? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் புலமைப்பரிசிலுக்கென்று விடியலிலும் அந்தியிலும் தனியார் வகுப்புகளுக்கு ஓட்டுகின்றோம். ஒரு கவிதையை மாணவர் மனத்தில் ஊறவிடாமல், வினா வரும் வரிகளுக்குக் கோடிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுகின்றோம். நிர்ணயித்த கிலோவைக் கேட்கும் கங்காணிக்கும், நிர்ணயித்த புள்ளியைக் கேட்கும் நமக்கும் வேறுபாடு குறைந்து வருகின்றது. பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்பீர்கள். நாமும் அதையே சொல்லி வந்தோம். அந்த அவசரத்தில்தான் முப்பத்தெட்டுக் கட்டுரைகளை ஒரே இரவில் திருத்தினோம். அந்த அவசரத்தில்தான் ஒரு பிள்ளையின் உண்மை நம் கண்ணுக்குத் தப்பியது. மெல்லப் படித்திருந்தால் புரிந்திருக்கும். ஆகவே நிதானத்தின் அருமையை நாம் மறுக்கவில்லை. அதை வேண்டுவதால்தான் அது எல்லார்க்கும் கிடைக்கும் வழியைக் கேட்கின்றோம்.

வழி உண்டு. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த திசையிலேயே அவர்களின் வழிவந்தோர் நாட்கணக்கில் நடந்தார்கள். வழியோரத்து ஊர்களில் தங்கினார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பலரோடும் பேசினார்கள். தமக்கு நிலமும் வீடும் நியாயமான கூலியும் சமமான பிரசைகளுக்குரிய மதிப்பும் வேண்டும் என்று கேட்டார்கள். வாகனத்தில் சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்தை வேண்டுமென்றே காலால் கடந்தார்கள். மெல்லச் செல்வதன் மாண்பை நமக்குக் கற்பித்தது அந்த நடை. சேருமிடம் எதுவென்று தெரிந்த நிதானம் அது. தனியொருவரின் மன அமைதியோடு முடிந்துவிடாத நிதானம்.

அச்சேருமிடத்தை நாமும் தெளிவாகச் சொல்வோம். நாட்கூலி நாளுக்குரியதாக இருக்கட்டும்; கிலோவின் சுருக்கு அதன் கழுத்தில் வேண்டாம். ஒரு நாள் உழைப்பு ஒரு குடும்பத்தின் ஒரு நாளை நடத்தப் போதுமானதாகட்டும். நிறுவைக்கு நடக்கும் நேரமும், பாலூட்டும் நேரமும், கொட்டும் மழையில் ஒதுங்கி நிற்கும் நேரமும் வேலை நேரமாகவே கணிக்கப்படட்டும். இடியாத நிலத்தில் உறுதியோடு கூடிய காணியும் வீடும் கிடைக்கட்டும். இவை கிடைத்த பின்னர் இரசிப்பது எப்படி என்று அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாணவியின் தாளில் நாம் எழுதிய சிவப்பு வரியை அடித்தோம்; புள்ளியையும் மாற்றினோம்; வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அக்கட்டுரையை மெதுவாக ஒரு முறை வாசித்தோம். போட்டிக்கும் அதையே அனுப்பினோம். பரிசு வரவில்லை. அது எதிர்பார்த்ததே. ஆனால் வாசித்து முடித்த பின்னர் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்க அம்மாவும் கைகாட்ட மாட்டாங்க" என்றான். பிறகு இன்னொருத்தி எழுந்தாள். அன்று பாடத்திட்டத்தில் ஒரு பக்கமும் நகரவில்லை.

அத்தாயின் கை இரண்டும் ஓயும் நாள் ஒன்று வர வேண்டும். அன்று அவர் போகும் வண்டியைப் பார்த்துக் கைகாட்டலாம். தாமே சீட்டு வாங்கி யன்னலோரம் அமர்ந்து பதுளை வரை போய் வரலாம். அல்லது வண்டியைத் திரும்பியும் பாராமல் தம் வீட்டு வாசலில் கண்ணயர்ந்திருக்கலாம். எதைச் செய்வார் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பம் அவருக்கே உரியதாக வேண்டும் என்பதே நம் வாதம். அதுவரை, மெல்லச் செல்லுங்கள் என்று மேடையேறிப் பேசுவோரிடம் நாம் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கேட்போம்: யாருடைய நேரத்தில்?